டாக்டர் எழுதுவதும் பெப்டைடு, கூரியரில் வருவதும் பெப்டைடு: இரண்டும் ஒன்றா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 29, எடை 74 கிலோ. கொழிஞ்சாம்பாறை பக்கம் வீடு. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது. எனக்கு நீர்க்கட்டி இருக்கிறது. இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் பீரியட்ஸ் வரும். பாலக்காட்டில் பார்க்கிற டாக்டர் மூன்று தடவை லெட்ரோசோல் மாத்திரை கொடுத்தார். ஸ்கேனில் முட்டை வளர்ந்தது, ஆனால் கரு நிற்கவில்லை. இன்னும் இரண்டு தடவை பார்ப்போம், அப்புறம் டெஸ்ட் ட்யூப்தான் என்றார். அதற்குப் போடும் ஊசிகள் என்று செட்ரோரெலிக்ஸ், ட்ரிப்டோரெலின் என்று எழுதியும் காட்டினார். மலையாளத்தில் வேகமாகச் சொன்னதால் பாதிதான் பிடிபட்டது.

என் வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூரில் வேலை. அங்கே அவர் போகும் ஜிம்மில் உள்ள டிரெய்னர், கிஸ்பெப்டின் என்ற பவுடர் குப்பியைக் கூரியரில் வரவழைத்துக் கொடுத்தார். “டாக்டர் எழுதினதும் பெப்டைடுதான், இதுவும் அதே குடும்பம்தான், ஹார்மோனை பேலன்ஸ் பண்ணும், விலைதான் கம்மி” என்றார். தண்ணீரில் கலந்து தினமும் தொப்புள் பக்கத்தில் போடச் சொன்னார். ஆறு ஊசி போட்டுவிட்டேன். கடைசியாகப் பீரியட்ஸ் வந்து 52 நாள் ஆகிறது. வீட்டுக்காரரும் அவரிடம் வாரம் ஒரு சத்து ஊசி போட்டுக்கொள்கிறார், எண்ணெய் மாதிரி இருக்கும். விந்துப் பரிசோதனைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தும் அவர் போகவில்லை. நான் ஊசியைத் தொடரலாமா? டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

ஏழாவது ஊசியைப் போடாதீர்கள். இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஆறு நாள் போட்டதை நிறுத்துவதால் உடம்புக்கு ஒரு கெடுதலும் வராது, படிப்படியாகக் குறைக்க வேண்டியதும் இல்லை.

அப்புறம், நாளைக் காலை எழுந்ததும் முதல் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை அட்டை வைத்துப் பாருங்கள். உங்களுக்கு எப்போதும் நாள் தள்ளிப்போகும் என்பதால் 52 நாளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருந்திருப்பீர்கள். நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு முட்டை வராமலே இருப்பதில்லை, எப்போது வரும் என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான். இரண்டு கோடு விழுந்தால் அன்றைக்கே உங்கள் டாக்டரைப் பாருங்கள், இந்த ஊசி போட்டதையும் சொல்லிவிடுங்கள். ஒரு கோடுதான் என்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை பாருங்கள். ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இப்போது டிரெய்னர் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. செட்ரோரெலிக்ஸ், ட்ரிப்டோரெலின், கிஸ்பெப்டின் மூன்றுமே பெப்டைடுகள், அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகள். சர்க்கரைக்குப் போடும் இன்சுலினும் 51 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடுதான். பிரசவ வார்டில் வலி வருவதற்கு ட்ரிப்பில் ஏற்றுகிறார்களே, அந்த ஆக்ஸிடோசின் ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு. அதற்காக இன்சுலின் தீர்ந்துபோன வீட்டில் ஆக்ஸிடோசினைப் போட முடியுமா? ஒரே குடும்பம் என்பதை வைத்து மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. அது உடம்பில் எந்த இடத்தில் போய் உட்காருகிறது, எவ்வளவு நேரம் உட்காருகிறது என்பதுதான் முக்கியம்.

உங்கள் டாக்டர் எழுதிக் காட்டிய இரண்டு ஊசிகளையே எடுத்துக்கொள்வோம். அவற்றுக்கு மூலம் நம் மூளையில், ஹைபோதலாமஸ் என்ற பகுதியில் சுரக்கும் ஜிஎன்ஆர்எச் என்ற பத்து அமினோ அமில ஹார்மோன். இதன் அமைப்பு 1971-இல்தான் தெரியவந்தது. ஆண்ட்ரூ ஷாலி பன்றிகளின் மூளையிலிருந்தும் ரோஜர் கிலெமின் ஆடுகளின் மூளையிலிருந்தும், லட்சக்கணக்கில் சேகரித்து, போட்டி போட்டுக்கொண்டு பிரித்தெடுத்தார்கள். 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. ரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும் இந்த ஹார்மோன்தான் பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டி, எஃப்எஸ்எச், எல்எச் என்ற இரண்டையும் சுரக்க வைக்கிறது. முட்டை வளர்வதும் வெடிப்பதும் அந்த இரண்டின் வேலை.

இந்த ஹார்மோன் தொடர்ச்சியாகச் சுரப்பதில்லை, விட்டு விட்டுத்தான் சுரக்கிறது. பீரியட்ஸ் முடிந்து முட்டை வளரும் நாட்களில் ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை. முட்டை வெடித்த பிறகு இடைவெளி மணிக்கணக்கில் நீளும். 1978-இல் எர்னஸ்ட் நோபில் என்ற ஆய்வாளர் குரங்குகளில் இதைச் சோதித்துக் காட்டினார். ஜிஎன்ஆர்எச்-ஐ மணிக்கொரு தடவை கொடுத்தபோது எல்எச்சும் எஃப்எஸ்எச்சும் ஒழுங்காகச் சுரந்தன. அதையே நிறுத்தாமல் ஏற்றிக்கொண்டே இருந்தபோது இரண்டும் அடங்கிப்போயின. உங்கள் ஊர்ப்பக்கம் ஆழியாறு தண்ணீரை முறை வைத்து விடுவதற்கும் மடையை அடைக்காமல் வாரக்கணக்கில் திறந்துவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அதேதான், ஆனால் வேர் அழுகிவிடும்.

ட்ரிப்டோரெலின் என்பது அதே பத்து அமினோ அமிலச் சங்கிலி. ஆறாவது இடத்தில் உள்ள ஒன்றை மட்டும் மாற்றி, சீக்கிரம் சிதையாமல் செய்திருக்கிறார்கள். டெஸ்ட் ட்யூப் சிகிச்சையில் முட்டைகள் தேவையான அளவுக்கு வளர்ந்த பிறகு ஒரே ஒரு தடவை போடுவோம். எல்எச் குபீரென்று ஏறும், முட்டை முதிரும். அதே மருந்தை மாதக்கணக்கில் உடம்பில் தங்கும்படி போட்டால் நேரெதிர் விளைவு: சினைப்பை அடங்கிவிடும், பீரியட்ஸ் நின்றுவிடும். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்ற சதை வெளியே வளர்வது) தரும் வலியைக் குறைக்கவும், சின்ன வயதிலேயே பூப்படையத் தொடங்கும் குழந்தைகளுக்கு அதைத் தள்ளிவைக்கவும் இப்படித்தான் பயன்படுத்துகிறோம். செட்ரோரெலிக்ஸ் வேறு வழி. அது ஜிஎன்ஆர்எச் உட்காரும் இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டு, முட்டை அவசரப்பட்டு முன்கூட்டியே வெடித்துவிடாமல் தடுக்கும். ஒரே சிகிச்சையில் ஒன்று தடுக்கிறது, இன்னொன்று திறந்துவிடுகிறது. இவற்றை எந்த நாளில், எத்தனை மில்லிமீட்டர் முட்டை இருக்கும்போது போடுவது என்பதற்காகத்தான் நாள்விட்டு நாள் ஸ்கேனுக்கு வரச் சொல்கிறோம்.

சரி, கிஸ்பெப்டின்? அது போலி விஷயம் அல்ல. அதற்கான மரபணுவை 1996-இல் அமெரிக்காவின் ஹெர்ஷி நகரில் புற்றுநோய் ஆராய்ச்சியில்தான் கண்டுபிடித்தார்கள். அந்த ஊரில் செய்யும் கிஸ்ஸஸ் சாக்லேட்டின் நினைவாகப் பெயர் வைத்தார்கள். 2003-இல் பிரான்சிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள், வயதாகியும் பூப்படையாத சில குடும்பத்தினரைப் பரிசோதித்தபோது, கிஸ்பெப்டின் போய் உட்காரும் ஏற்பியில் பழுது இருப்பதைக் கண்டன. ஜிஎன்ஆர்எச்-ஐத் தட்டி எழுப்புவதே கிஸ்பெப்டின்தான் என்று அப்போது புரிந்தது. இனப்பெருக்க மருத்துவத்தில் இருக்கும் எங்களுக்கெல்லாம் அது பெரிய செய்தி.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இதை ஊசியாகப் பெண்களுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2009-இல் வெளிவந்த அவர்களது ஆய்வை உங்கள் டிரெய்னர் படித்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மூளையிலிருந்து தூண்டல் வராமல் பீரியட்ஸ் நின்றுபோன பெண்களுக்கு, கிஸ்பெப்டினைத் தினமும் இரண்டு வேளை, இரண்டு வாரம் கொடுத்தார்கள். முதல் நாள் எல்எச் நன்றாக ஏறியது. இரண்டு வாரம் முடிவதற்குள் உடம்பு அதைக் கண்டுகொள்வதையே ஏறக்குறைய விட்டுவிட்டது. உங்களைத் தினமும் போடச் சொன்னார் இல்லையா? தினமும் போட்டால் மரத்துப்போகும் என்பதுதான் ஆராய்ச்சி சொன்னது.

பிற்பாடு அதே குழு, டெஸ்ட் ட்யூப் சிகிச்சையில் முட்டையை முதிரவைக்கும் கடைசி ஊசியாக அதைப் பயன்படுத்திப் பார்த்தது. சினைப்பை அளவுக்கு மீறி வீங்கி, வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து அதிகமுள்ள 60 பெண்களுக்குக் கொடுத்த ஆய்வு 2015-இல் வந்தது. பெரும்பாலோருக்கு முட்டை நன்றாக முதிர்ந்தது, யாருக்கும் அந்த வீக்கம் கடுமையாக வரவில்லை. நீர்க்கட்டி உள்ளவர்களுக்குத்தான் அந்த ஆபத்து அதிகம் என்பதால், உங்களைப் போன்றவர்களுக்கு இது ஒருநாள் உதவக்கூடும். எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. ஆனால் அங்கே கொடுத்ததெல்லாம் ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனையோடு, குறித்த நேரத்தில். இன்றுவரை எந்த நாட்டிலும் கிஸ்பெப்டினை மருந்தாக விற்க அனுமதி இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். நீர்க்கட்டி உள்ள பெண்களிடம் ஜிஎன்ஆர்எச் துடிப்பு குறைவாக இருப்பதில்லை, ஏற்கெனவே வேகமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் எல்எச் ஏறி, எஃப்எஸ்எச் பின்தங்கி, முட்டைகள் பாதி வளர்ச்சியிலேயே நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் வரிசையாகத் தெரியும் ‘கட்டிகள்’ அவைதான். ரத்தத்தில் கிஸ்பெப்டினும் இவர்களிடம் கூடுதலாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. வேகமாக ஓடுகிற ஒன்றை இன்னும் விரட்டுவதற்குத்தான் அந்த ஊசி. உங்கள் குறைக்கும் அந்த மருந்துக்கும் பொருத்தமே இல்லை.

இத்தனையும் குப்பியில் இருப்பது கிஸ்பெப்டின்தான் என்று வைத்துக்கொண்டு சொன்னது. குப்பியைக் கையில் எடுத்து லேபிளைப் பாருங்கள். இப்படிக் கூரியரில் வருகிறவற்றில் பெரும்பாலும் பொடி எழுத்தில், ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் இருக்கும். தயாரித்த இடத்தின் முகவரி, மருந்து உரிம எண் இருக்கிறதா என்று தேடுங்கள். அவை இல்லையென்றால், உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, கிருமி நீக்கியதா என்று யாரும் பொறுப்பேற்கவில்லை என்று அர்த்தம். பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் அது எந்த வண்டியில் எத்தனை மணி நேரம் கிடந்ததோ. குப்பியைத் தூக்கி எறியாதீர்கள். லேபிளைப் படம் எடுத்து, குப்பியையும் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இனி உங்கள் வீட்டுக்காரர் விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். பெயர் தெரியாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஜிம்மில் வாரம் ஒருமுறை போடும் எண்ணெய் போன்ற ஊசி என்றால், முதலில் டெஸ்டோஸ்டிரோனைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆண் ஹார்மோன்தானே, விந்தணு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏறியதும், போதுமான அளவு இருக்கிறதே என்று மூளை ஜிஎன்ஆர்எச்-ஐ நிறுத்திவிடும். எல்எச்சும் எஃப்எஸ்எச்சும் விழும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும். உடம்பு முறுக்கேறும், ஆள் தெம்பாக இருப்பார், ஆனால் பரிசோதனையில் ஒரு விந்தணுகூட இல்லாமல் போகலாம். உலக சுகாதார நிறுவனம் வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்து, 1990-இல் முடிவை வெளியிட்டது. ஆறு மாதத்துக்குள் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு விந்தணு அறவே இல்லாமல் போனது. பிள்ளை வேண்டும் என்று நீங்கள் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அதே வீட்டில் இன்னொருவர் தெரியாமலே கருத்தடை ஊசி போட்டுக்கொள்கிறார் என்று ஆகிவிடக் கூடாது.

மூன்று தடவை முட்டை வளர்ந்தும் கரு நிற்கவில்லை என்கிறீர்கள். காரணம் உங்களிடம்தான் என்று முடிவு செய்ய நம்மிடம் பாதி ஆதாரம்கூட இல்லை, ஏனென்றால் விந்துப் பரிசோதனை நடக்கவே இல்லை. அதைப் பார்க்காமல் அடுத்த மாத்திரையும் வேண்டாம், டெஸ்ட் ட்யூப் பேச்சும் வேண்டாம். பரிசோதனை ஒன்றும் பெரிய காரியம் இல்லை. இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேற்படாமலும் உறவைத் தவிர்த்துவிட்டு, லேபில் கொடுக்கும் டப்பாவில் எடுத்துக் கொடுக்க வேண்டும். வெட்கமாக இருந்தால் வேலை பார்க்கும் கோயம்புத்தூரிலேயே கொடுக்கட்டும், தெரிந்த முகம் இருக்காது. ஒரு மில்லிலிட்டரில் 160 லட்சத்துக்குக் குறைந்தால் குறைவு என்று கணக்கு. குறைவு என்றே வந்தாலும் கதை முடிந்துவிடாது. ஊசிதான் காரணம் என்றால், நிறுத்திய பிறகு பெரும்பாலோருக்கு விந்தணு திரும்பி வருகிறது. ஒரு விந்தணு உருவாகி முதிரவே ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கும் என்பதால் மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்கூட. நிறுத்தும்போது சோர்வும் மனத்தளர்ச்சியும் வரலாம். அதனால் ஒரு டாக்டரின் பார்வையில் நிறுத்துவது நல்லது. டிரெய்னர் இதற்கும் ஒரு குப்பி வைத்திருப்பார், வாங்க வேண்டாம்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பீர்கள். இந்தப் பகுதியை மட்டும் அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தம்பி, உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒருமுறை டாக்டர் முன்னால் உட்காருங்கள், ஊசியின் பெயரைச் சொல்லுங்கள், போதும்.

டாக்டர் திட்டுவாரா என்று கேட்டிருந்தீர்கள். முகம் சுளிக்கலாம், ஒரு நிமிடம். சொல்லாமல் விட்டால் வருவது பெரிய சிக்கல். அடுத்த மாதம் உங்கள் எல்எச் அளவையோ ஸ்கேனையோ பார்த்து, காரணம் தெரியாமல் மருந்தின் அளவை மாற்றிவிடுவார். உள்ளே போனதும் முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்: “டாக்டர், வெளியில் வாங்கி ஆறு நாள் ஊசி போட்டேன், நிறுத்திவிட்டேன்.” மலையாளம் வேகமாகப் போனால் தயங்காமல் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பாலக்காட்டில் தமிழ் தெரியாத ஆஸ்பத்திரி இருக்காது. சிஸ்டர் ஒருவராவது வந்து விளக்குவார். மருந்தின் பெயர், எந்த நாளில் ஆரம்பிப்பது, எந்த நாளில் ஸ்கேன் என்ற மூன்றையும் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

உங்களுக்கு இன்னும் வழி நிறைய இருக்கிறது, அம்மணி. 2014-இல் வெளியான, நீர்க்கட்டி உள்ள 750 பெண்களை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வில், ஐந்து சுழற்சி வரை லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேர் குழந்தை பெற்றார்கள். பழைய குளோமிஃபின் மாத்திரையில் அது 19.1 சதவீதம்தான். நீங்கள் மூன்று சுழற்சிதான் முடித்திருக்கிறீர்கள். இன்னும் இரண்டு தடவை பார்ப்போம் என்று உங்கள் டாக்டர் சொன்னது சரியான கணக்கு, விந்துப் பரிசோதனை சரியாக இருந்தால்.

அதற்குள் எடையில் 5 சதவீதம், அதாவது நாலு கிலோவுக்குள்தான், குறைந்தாலே பலருக்கு முட்டை தானாக வர ஆரம்பிக்கிறது. இதற்கும் ஊசி இருக்கிறதே, செமக்ளூடைடு என்று உங்கள் டிரெய்னர் அடுத்து சொல்லக்கூடும். அது அனுமதி பெற்ற மருந்து, அதுவும் பெப்டைடுதான், சிலருக்கு நானே எழுதுகிறேன். ஆனால் கரு உண்டாவதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே அதை நிறுத்த வேண்டும். குழந்தைக்காக இந்த மாதமே முயல்கிற உங்களுக்கு அது இப்போது வேண்டாம். கர்ப்ப அட்டை ஒரு கோடே காட்டி, பீரியட்ஸ் மூன்று மாதத்தைத் தாண்டினால், டாக்டரிடம் கேட்டு மாத்திரை போட்டு வரவழைத்துவிடுங்கள். கர்ப்பப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போவது நல்லதல்ல. ஃபோலிக் அமில மாத்திரையைத் தினமும் 400 மைக்ரோகிராம் இப்போதிருந்தே சாப்பிடுங்கள்.

கடைசியாக அந்த ஆறு சிரிஞ்சுகள். வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் வாங்கிப்போகும் ஹரித கர்ம சேனைப் பெண்களின் சாக்கில் போட்டுவிடாதீர்கள், கையில் குத்திவிடும். கெட்டியான காலி டப்பாவில் ஊசி முனை கீழே இருக்கும்படி போட்டு, மூடியை இறுக்கி, டாக்டரைப் பார்க்கப் போகும் அன்றைக்கே எடுத்துப்போய் அங்குள்ள சிஸ்டரிடம் கொடுத்துவிடுங்கள்.